உண்ணியா, அட்டையா, பாறைச் சிப்பியா?

கேள்வி: ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து வருகிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு குடும்ப நாவல். நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த மைத்துனர் வீட்டோடு தங்கிவிடுகிறார். அவரை ஆளுக்கொரு பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். ஒருவர் 'கர்ராபாத்தா' (உண்ணி) என்கிறார். இன்னொருவர் 'சங்கிஹுவேலா' (அட்டை) என்கிறார். மூன்றாமவர் 'லாபா' (பாறையில் ஒட்டும் சிப்பி) என்கிறார். வெனிசுவேலாவிலிருந்து வந்த மருமகள் 'லாதீயா' என்கிறாள். அகராதியில் அது மறைவிடத்தில் ஒட்டும் பேன்! எல்லாவற்றுக்கும் 'லீச்' என்றே போட்டுவிடலாம் என்கிறார் பதிப்பாசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜந்துவை அப்படியே வைப்பதா, கருத்தை மட்டும் எடுப்பதா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எல்லா இடத்திலும் 'லீச்' வந்தால், ஒரே ஆள்மேல் நாலு பேருக்கு இருக்கும் நாலு விதமான எரிச்சல் ஒன்றாகிப் போகும். அதற்காக உண்ணிக்கு உண்ணி, பேனுக்குப் பேன் என்று அகராதியைப் பார்த்து மாற்றினாலும் சரிவராது. அந்த வாக்கியத்தில் அந்த ஜந்து என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். ஒட்டிக்கொள்கிறதா, உறிஞ்சுகிறதா, நச்சரிக்கிறதா, வழியை மறிக்கிறதா? அதே வேலையை ஆங்கிலத்தில் எந்தச் சொல் செய்கிறதோ, அதுதான் உங்களுக்கு வேண்டிய சொல்.

'லாபா'விலிருந்து தொடங்குவோம். அது ஒட்டுண்ணியே அல்ல. சதைப்பற்றான ஒற்றைக் காலால் கடலோரப் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும், நத்தைக்கு உறவான உயிர். வெளியே போய்ப் பாசியை மேய்ந்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்காரும் இனங்கள் பல உண்டு. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, ஓட்டின் விளிம்பு பாறையில் தழும்பாகவே பதிந்திருக்கும். பாறையின் சத்தை அது உறிஞ்சுவதில்லை. ஆனால் அசைத்தாலும் அசையாது. ஸ்பானிஷில் ஒருவரை 'லாபா' என்றால் எந்நேரமும் கூடவே ஒட்டிக்கொண்டு திரிகிறவர் என்றுதான் பொருள். பணம் பறிக்கிறவர் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. ஆங்கிலத்தின் 'லிம்பெட்' இதே உயிர். அங்கும் உவமையில் இதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே ஜந்துவைத் தயங்காமல் வையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெனிசுவேலாவில் 'லாபா' என்றால் இறைச்சிக்காக வேட்டையாடப்படும் பெரிய கொறிவிலங்கு. மருமகள் பேச்சில் அந்தச் சொல் வந்தால் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'சங்கிஹுவேலா' பணத்தைப் பற்றிய திட்டு. ஒருவரிடமிருந்து காசையும் பொருளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கிறவரை அப்படிச் சொல்வார்கள். அட்டை கடிப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹிருடின் என்ற பொருளைச் செலுத்திவிட்டு நிதானமாகக் குடிக்கும். 'லீச்' இதற்கு அச்சாகப் பொருந்தும். உங்கள் பதிப்பாசிரியர் சொல்வது இந்த ஓரிடத்துக்கு முழுக்கச் சரி.

'கர்ராபாத்தா' சிக்கலானது. பிடுங்கினாலும் வராது என்பதுதான் அந்தத் திட்டின் உயிர். உண்ணியின் வாயுறுப்பில் பின்னோக்கிய முட்கள் உண்டு. பல இனங்கள் பசைபோல் இறுகும் பொருளைச் சுரந்து தோலோடு தங்களைப் பூட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிய்த்தால் வாய்ப்பகுதி உள்ளேயே நின்றுவிடும். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரை வெறுமனே 'டிக்' என்றால் இதெல்லாம் வராது. 'லிட்டில் டிக்' என்பது பிரிட்டனில் அற்பப் பயலைக் குறிக்கும் பழைய வசவு. 'டைட் ஆஸ் எ டிக்' என்றால் மூக்குமுட்டக் குடித்தவர். 'ஆன் டிக்' என்றால் கடனுக்கு வாங்குவது. ஆகவே பெயராக வைக்காமல் வினையோடு சேர்த்து வையுங்கள். 'டக் இன் லைக் எ டிக்' என்று எழுதினால் உண்ணியும் இருக்கும், பிடியும் இருக்கும்.

'லாதீயா' விஷயத்தில் ஜந்துவை விட்டே ஆக வேண்டும். வெனிசுவேலாவில் 'கே லாதீயா!' என்பது தினமும் காதில் விழும் சலிப்புச் சொல். நீளும் வரிசை, முடியாத கூட்டம், விடாமல் தொணதொணக்கும் ஆள் எல்லாமே 'லாதீயா'தான். சொல்கிறவர் மனதில் பேன் இருப்பதில்லை. அதை ஆங்கிலத்தில் 'க்ராப்ஸ்' என்று எழுதினால் வாசகர் பால்வினைத் தொற்றை நினைப்பார். மைத்துனரின் ஒழுக்கத்தின்மேல் இல்லாத பழி விழும். 'பெயின் இன் தி நெக்' போதும். சொல்லில் லேசான கொச்சை இருப்பதால், மருமகள் சூடாகப் பேசும் இடத்தில் கழுத்துக்குப் பதில் இன்னும் கீழே இறங்கினாலும் தப்பில்லை.

இரண்டு மொழியிலும் இருக்கும் ஜந்துகளிடம் கூடுதல் கவனம் தேவை. ஆங்கிலத்தில் 'பார்னக்கிள்' என்றால் ஒட்டிக்கொண்டு விடாதவர். அதே இனத்தைச் சேர்ந்த 'பெர்தேபே' ஸ்பெயினில் மந்தபுத்திக்காரர். தலைமேல் உள்ள உறிஞ்சு தட்டால் சுறாவிலும் கப்பலிலும் ஒட்டிக்கொள்ளும் மீன் ரேமோரா. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியின் கப்பலை அது பிடித்து நிறுத்தியதாக ரோமானியரான ப்ளினி எழுதிவைத்தார். லத்தீனில் அந்தப் பெயருக்கே தாமதம் என்றுதான் பொருள். அதனால் ஸ்பானிஷ் நாளிதழில் ஒரு சட்டத்தை 'ரேமோரா' என்றால் முட்டுக்கட்டை என்று அர்த்தம். 'டிராக்' என்று எழுதுங்கள். மீனை அப்படியே விட்டால், ஆங்கில வாசகர் பெரிய இடத்தில் ஒட்டிக்கொண்டு பிழைக்கிறவரை நினைத்துக்கொள்வார்.

மனிதரை ஒட்டுண்ணி என்று சொல்வது உயிரியலிலிருந்து வந்த உவமை என்றே பலரும் நினைக்கிறோம். நடந்தது தலைகீழ். கிரேக்கத்தில் 'பராசிட்டோஸ்' என்றால் அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். பழைய நகைச்சுவை நாடகங்களில் அவர் நிரந்தரப் பாத்திரம். ரோம நாடகாசிரியர் ப்ளாட்டஸ் அப்படி ஒருவருக்குத் தானியத்தைத் துளைக்கும் வண்டின் பெயரான 'குர்க்குலியோ' என்பதைச் சூட்டி, நாடகத்துக்கும் அதையே தலைப்பாக்கினார். உயிரியலாளர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்தான். சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து ஒட்டிக்கொள்கிறவருக்கு ஸ்பானிஷில் இன்றும் 'பெகோத்தே' என்று தனிச் சொல் உண்டு; பிசின் கட்டி என்பது அதன் நேர்ப்பொருள். உங்கள் நாவலில் அது வந்தால் 'ஸ்பாஞ்சர்', 'மூச்சர்' இரண்டில் ஒன்றை எடுங்கள்.

ஜந்துவை விடவே கூடாத இடங்களும் உண்டு. நோயையோ பயணத்தையோ பற்றிய நூலில் 'நீகுவா' வந்தால், அது மனிதப் பாதத்துக்குள் புகுந்து முட்டைகளோடு பட்டாணி அளவுக்கு வீங்கும் தெள்ளுப்பூச்சி. அதை 'ஜிக்கர்' என்று எழுத வேண்டும். 'சிக்கர்' என்று எழுதிவிட்டால் அது வேறொரு சிற்றுண்ணியின் இளம்புழு. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் 'நீகுவா மாதிரி ஒட்டிக்கொண்டான்' என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னால், இனத்தை ஆராய வேண்டியதில்லை, 'லிம்பெட்' போதும்.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியமானது. 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டுப் போனவர்களை அரசுத் தரப்பு 'குசானோ' என்றது. புழு என்று பொருள். அதைத் 'துரோகி' என்று மாற்றுகிற மொழிபெயர்ப்பாளர் பொருளைக் காப்பாற்றிவிட்டு, நடந்த கொடுமையை மறைக்கிறார். மனிதரைப் புழுவாக்கியதே அங்கே செய்தி. 'வொர்ம்' என்றுதான் எழுத வேண்டும், வாசகருக்கு எவ்வளவு கூசினாலும்.

உங்கள் நாவலில் ஆபத்து அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் யார் பணத்தை நினைத்துக் கொதிக்கிறார், யார் தனிமை பறிபோனதை நினைத்துக் குமைகிறார், யாருக்கு அந்த ஆளைக் கண்டாலே அலுப்பு என்பதையெல்லாம் ஆசிரியர் இந்த நாலு சொற்களில்தான் சொல்லியிருக்கிறார். மைத்துனரைத் திட்டும் வரிகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னார் ஏன் எரிச்சல்படுகிறார் என்று ஒரு வரி எழுதிப் பதிப்பாசிரியரிடம் காட்டுங்கள். 'லீச்' அட்டை வரும் இடத்துக்கு மட்டும்தான் என்பது அவருக்கே விளங்கும்.