வீடியோவை நீக்கிவிட்டார்களா? முதலில் மின்னஞ்சலைப் படியுங்கள்

காப்பிரைட் பிரச்சினை என்று யூடியூபிலிருந்து மின்னஞ்சல் வந்தால் பலரும் பதறிப்போய் வீடியோவை அழித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். வந்திருப்பது கிளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

நீங்கள் டீக்கடையில் வ்லாக் எடுக்கிறீர்கள். பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. கண்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு அதைக் கண்டுபிடித்துப் போடுவதுதான் கிளெய்ம். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்த இடத்தை வெட்டலாம், வேறு பாட்டு சேர்க்கலாம்.

முறையாக உரிமம் வாங்கிய இசை என்றால் விடாதீர்கள், 5 நாளுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள். கிளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்தே வருமானத்தை நிறுத்திவைப்பார்கள். தகராறு யார் பக்கம் முடிகிறதோ அவருக்கு அது சேரும். தாமதித்தால், மறுத்த நாளிலிருந்துதான் கணக்கு. உரிமையாளர் 30 நாள் பேசாமல் இருந்தால் கிளெய்ம் தானாகவே காலாவதியாகிவிடும்.

ஸ்ட்ரைக் அப்படியல்ல. உரிமையாளர் சட்டப்படி கேட்டு வீடியோ நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலையே இழக்க நேரிடும். வீடியோவை அழிப்பதால் ஸ்ட்ரைக் போகாது. புகார் கொடுத்தவரிடம் பேசித் திரும்பப் பெறச் சொல்வதே முதல் வழி. நியாயம் உங்கள் பக்கம் என்று உறுதியாக இருந்தால் மட்டும் எதிர் அறிவிப்பு அனுப்புங்கள். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்தையொட்டிய நடைமுறை இது. 10 வேலை நாளுக்குள் அவர் வழக்குத் தொடராவிட்டால் வீடியோ திரும்பும்.

இந்தியச் சட்டத்திலும் வழி உண்டு. 2013ஆம் ஆண்டு காப்பிரைட் விதிகளின்படி, முறையான புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் வெளியிடலாம்.

பத்து விநாடி வரை எடுத்தால் குற்றமில்லை, நன்றி கார்டு போட்டால் போதும் என்று எடிட்டிங் அறைகளில் இன்னமும் சொல்கிறார்கள். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. தளத்துக்கு அதன் சொந்த விதிமுறைகளின்படி நீக்கும் உரிமையும் உண்டு. கணக்குத் தொடங்கும்போதே அதற்குச் சம்மதித்துவிட்டோம். இசை வாங்கிய ரசீதையும் உரிமப் பத்திரத்தையும் அந்தந்த வீடியோவின் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள். பிறருக்காக வீடியோ செய்துகொடுக்கும்போது வாடிக்கையாளர் தாமே பாட்டு கொடுத்தால், உரிமம் அவர் பொறுப்பு என்று வேலை தொடங்குமுன் எழுதி வாங்குங்கள்.