பிஞ்சுக் கைகளால் ஒரு கீரைப் பாத்தி

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் முன்னோர் வாக்கு. உணவுப் பழக்கத்திற்கு இது மிகவும் பொருந்தும். சிங்கப்பூரில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. முழுநாள் பராமரிப்பு நிலையத்தில் விடப்படும் குழந்தை, பசியாறலும் மதிய உணவும் மாலைச் சிற்றுண்டியும் பெரும்பாலும் அங்கேயே உண்கிறது. அந்நிலையம் குழந்தைக்கு இரண்டாவது சமையலறை என்றால் மிகையாகாது.

நம் தீவு தனது உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறது. பேரங்காடியில் பிளாஸ்டிக் பையில் கீரையைக் காணும் குழந்தை, அது மண்ணில் முளைப்பதை எங்ஙனம் அறியும்? அறியாத பொருளின் மீது ஆசை எழுவது அரிது. ஆகவே கீரையைத் தட்டில் வைக்குமுன் தொட்டியில் வைப்போம்.

தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் நம் வெப்பத்திற்கு ஏற்றவை. விதைத்த சில நாள்களில் முளைவிட்டு, ஏறக்குறைய நான்கு வாரங்களில் பறிக்கும் பருவம் எய்தும். குழந்தையின் பொறுமைக்கு அது போதிய காலம். கறிவேப்பிலையையும் முருங்கையையும் பெரிய தொட்டிகளில் வளர்க்கலாம். தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கவிடலாகாது. டெங்கிக் கொசு அங்கே முட்டையிடும்.

பறித்த கீரையே பாடமாகட்டும். முருங்கைக்கீரையில் இரும்புச் சத்து உண்டு. அதனுடன் கொய்யா, பப்பாளி போன்ற வைட்டமின் ‘சி’ நிறைந்த பழத்தை உண்டால் அச்சத்து உடலில் நன்கு சேரும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தீட்டாத தானியம், கால் பங்கு பருப்பு, மீன் போன்ற புரத உணவு என்பது சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய ஆரோக்கியத் தட்டின் அளவு. முதல்நாள் குழந்தை துப்பிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பத்து முறைக்கு மேல் சிறிது சிறிதாகக் கொடுத்த பிறகே ஏற்கும் குழந்தைகளும் உண்டு.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பிறந்தநாளன்றும் திருவிழாக் காலத்திலும் நாம் அன்புடன் அனுப்புபவை பெரும்பாலும் இனிப்பும் குளிர்பானமுமே. ஆசிரியர் நான்கு வாரம் கற்பித்ததை நமது ஒரு பெட்டி மறக்கச் செய்துவிடலாம். அதற்கு மாற்றாக மண், விதை, தொட்டி வழங்கலாம். நவராத்திரியில் அம்பாளுக்குப் படைக்கும் சுண்டலைவிடச் சிறந்த சிற்றுண்டி வேறெது? மிகச் சிறு குழந்தைகளுக்கு அதைக் குழைய வேகவைத்து மசித்துத் தரவேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் உண்டா என்று நிலையத்தாரிடம் முன்கூட்டியே கேட்டறிவதும் அவசியம்.

இறைவனுக்கு மலர் தர நந்தவனம் அமைத்தது நம் மரபு. குழந்தையும் தெய்வமும் ஒன்றென்று கொண்டாடும் நாம், அக்குழந்தைக்கென ஒரு கீரைப் பாத்தி அமைப்பதும் திருப்பணியே. எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.