தெளிந்த நீர் நல்ல நீரா?

எங்கள் அறிவியல் கூடத்தின் சன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் ஆறு தங்கமீன்கள் வளர்ந்தன. தீபத் திருவிழா விடுமுறை முடிந்து வந்தபோது கண்ணாடியில் பாசி படர்ந்திருந்தது, கூழாங்கற்கள் வழவழத்தன. நாங்கள் நால்வர் தொட்டியைக் காலிசெய்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டும் பஞ்சையும் குழாயடியில் பிழிந்து, புதுநீர் நிரப்பினோம். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. நான்காம் நாள் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"இவ்வளவு சுத்தமாகக் கழுவினோமே, சிஸ்டர்!" என்று அழுதோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. "சமுத்திரம் ஏரியை யாரம்மா கழுவுகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். விடை தேடியபோது அறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாத இரை அழுகினாலும் அது உண்டாகும். அதற்கு நிறமில்லை, நீர் தெளிவாகவே இருக்கும், செவுள் மட்டும் புண்ணாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. 1890-ஆம் ஆண்டளவில் இவற்றை ஆராய்ந்து விளக்கியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டியே வாழ்கின்றன. அழுக்கென்று நாங்கள் தேய்த்தெடுத்தது அவற்றைத்தான்! மிஞ்சியவற்றைக் குழாய்நீரின் குளோரின் கொன்றிருக்கும். மறுபடி பெருக ஒரு மாதத்திற்கு மேலும் ஆகுமாம்.

அன்றே பாதி நீரை மாற்றி, தெரிந்தவர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய பஞ்சுத்துண்டு ஒன்றை வாங்கி வந்து இட்டோம். மூன்று மீன்கள் பிழைத்தன. இப்போது வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுகிறோம். குளோரின் போக, முதல்நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைக்கிறோம். பஞ்சைத் தொட்டியில் எடுத்த பழைய நீரிலேயே அலசுகிறோம். இரை, இரண்டு நிமிடத்தில் தின்று தீருமளவே. (இதுதான் கடினம், ஆளுக்கொரு சிட்டிகை போட ஆசை!)

கோடையில் கவனம் கூட வேண்டும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அம்மோனியாவின் கடுமையும் வெப்பத்தில் ஏறும். எங்களுள் ஒருத்திக்கு, மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் வாழும் ஆக்சலாட்டில் வளர்க்க ஆசை. இறகுபோல் செவுள் வெளியே விரிந்த அந்தப் பிராணிக்கு 16 முதல் 18 டிகிரிக் குளிர்நீர் வேண்டும். நம்மூர் மலையடிவார வெயிலில் அதற்கு எங்கே போவது? இருக்கும் மூன்று தங்கமீன்களையே பார்த்துக்கொள்கிறோம். அவற்றைக் காண முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைக்கிறோம். பின்பக்கப் பாசியை யாரும் தொடுவதில்லை.