தேசிக்காயும் பன்னீரும்

வெள்ளவத்தை

அன்புள்ள பெறாமகளுக்கு,

பாரசீகத்து எலுமிச்சைச் சர்பத் வீட்டில் செய்வது எப்படி என்று கேட்டிருந்தாய். அதற்காக சுப்பர்மார்க்கெட்டில் மஞ்சள் லெமன் வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதினாய். அதைக் கேக்குக்கு வைத்துக்கொள். ஷிராஸ் பக்கத்தில் சர்பத்துக்குப் பிழிவது நம்முடைய தேசிக்காய் இனத்துச் சின்னப் பழம்தான். கொட்டாஞ்சேனைச் சந்தையில் தோல் மெல்லியதாய், கைக்குப் பாரமாய் ஆறேழு பொறுக்கி எடு.

இனிப்பை மட்டும் அடுப்பில் வை. புளிப்பும் வாசமும் அடுப்பை அறியக்கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். 1 கோப்பை சீனிக்கு 1 கோப்பை தண்ணீர் விட்டு, கரைந்து 5 நிமிடம் மெல்லக் கொதித்ததும் இறக்கு. ஒரு பிடி புதினாவைப் போட்டு மூடி, ஆறியபின் வடித்துவிடு. குளிர்ந்த தண்ணீரில் சீனி லேசில் கரையாது. பாகாக இருந்தால் அந்தக் கரைச்சல் இல்லை. தேசிச்சாற்றையும் பாகோடு சேர்த்துக் காய்ச்சுபவர்களைக் கண்டிருக்கிறேன். வாசமெல்லாம் ஆவியாகப் போய்விடும். பிழியும்போதும் கடைசிச் சொட்டுவரை நெரிக்காதே, தோலின் கசப்பு இறங்கும்.

நம் வீட்டுத் தேசிக்காய்த் தண்ணியைப் பாரசீகச் சர்பத் ஆக்குவது பன்னீர். காசான் நகருக்குப் பக்கத்திலுள்ள கம்சாரில் மே மாதத்தில் ரோஜா மலரும். வெயில் ஏறுமுன் பூவைப் பறித்து, செப்புப் பானையில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பன்னீராக இறக்குவார்கள். அங்கே ஆவியைப் பிடித்து வைக்க வழி இருக்கிறது. நம் சட்டியில் இல்லை. கலியாண வீட்டில் செம்பில் விட்டுத் தெளிக்கும் பன்னீரை ஒருபோதும் குடிக்க விடாதே, அதில் பல வெறும் செயற்கை வாசனை. உணவுக்கென்று எழுதியிருக்கும் போத்தலைப் பார்த்து வாங்கு.

குங்குமப்பூ ஏழெட்டு இழை போதும். வாங்கியதும் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்: நல்ல இழை மெதுவாகப் பொன்னிறம் விடும், தான் சிவப்பாகவே இருக்கும். உடனே வெளுத்தால் சாயம். மீதியைச் சிட்டிகை சீனியோடு நுணுக்கி, 2 மேசைக்கரண்டி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவை. பலூடாவில் போடும் கசகசாவை ஈரானியரும் சர்பத்தில் சேர்ப்பதுண்டு. 1 தேக்கரண்டியை அரைக் கோப்பை தண்ணீரில் ஊறப்போடு.

ஒரு கிளாசுக்கு 3 மேசைக்கரண்டி பாகு, 2 மேசைக்கரண்டி தேசிச்சாறு, 1 தேக்கரண்டி பன்னீர், குங்குமப்பூத் தண்ணீர் கொஞ்சம், ஊறிய கசகசா, துளி உப்பு, மிச்சத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். பன்னீர் கூடினால் சவர்க்காரம் போல மணக்கும்.

பாரசீகம் நமக்குத் தூரத்து ஊர் என்று நினைக்காதே. 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழியும் ஒரே கல்லில்! தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. விடுமுறையில் கூட்டிப்போகிறேன், நீயே எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்.

ஆடிவேலுக்குத் தண்ணீர்ப்பந்தலில் இதைக் கொடுக்கலாமா என்றும் கேட்டாயே. தாராளமாகக் கொடு. முகரம் நாட்களில் ஈரானிலும் தெருவோரம் சர்பத் வார்க்கிறார்கள். அத்தனை பேருக்குக் குங்குமப்பூ கட்டாது, விட்டுவிடு. பாகை முதல்நாளே காய்ச்சி பிரிஜ்ஜில் வை. தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். தேசிக்காயை அன்று காலையில் பிழி. பன்னீரை மட்டும், செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட தேர் காலி வீதிக்கு வந்துவிட்டது என்று சொன்ன பிறகு வாளியில் விட்டு, ஒரு தரம் கலக்கி மூடு.

அன்புடன்,
சின்னம்மா