விடியலில் விறைக்கும் விரல்கள்



மூட்டில் நோவென்றால் "வயது போய்விட்டது" என்று தைலம் தடவி இருந்துவிடுவது நம்மவர் வழக்கம். முடக்குவாதமோ முதுமையின் தேய்மானமன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றும்.

இதன் அடையாளங்கள் எவை?

1. காலையில் மூட்டுகள் விறைத்திருந்து, இளக அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேலாதல்.

2. விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு, முன்பாதம் ஆகியன வீங்கி நோதல்.

3. பெரும்பாலும் இரு பக்கமும் ஒருங்கே தோன்றுதல்.

4. களைப்பு, பசியின்மை, மெலிவு, இலேசான காய்ச்சல்.

வீக்கம் சில வாரம் நீடித்தாலே வைத்தியரிடம் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனை உதவும். ஆயினும் அதில் குறை காணப்படாததால் மட்டும் நோயில்லை என்று முடிவுகட்ட இயலாது. காலத்தோடு மருந்து தொடங்கினால் மூட்டுகள் சிதையாமற் காக்கலாம். கோணிப்போன விரலையோ மருந்து நிமிர்த்தாது.

விடியலில் புட்டுமா குழைக்க முடியாது தவிக்கும் தாயைச் சோம்பேறி என்று கடியாதீர்கள். அவள் நோவை நம்புங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறரன்பு வீட்டிலேயே தொடங்கட்டும்.