பழைய தேக்கில் புது பிரேம்

யாங்கூனின் போட்டாதாங் பகுதியில் பிரேம் கடைக்காரரின் பெரிய எதிரி மழை. யாங்கூனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது, அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள். ஈரச் சுவரில் ஒட்டித் தொங்கிய சாமி படமும் கல்யாணப் போட்டோவும் பூஞ்சை பூத்துக் கடைக்கு வரும். "அண்ணே, எல்லாத்தையும் தூக்கிப்போட்டுட்டுப் புதுசா மாட்டிருங்க" என்பார்கள். உடனே தலையாட்ட வேண்டாம். சட்டம் உளுத்துப் போகவில்லை என்றால் மூலையை மறுபடி ஒட்டிப் பின்னட்டையை மட்டும் மாற்றலாம். கூலி கிடைக்கும், மரமும் கண்ணாடியும் மிச்சம்.

புதுச் சட்டம்தான் வேண்டுமென்றால், மரம் வந்த வழியை விசாரிக்க வேண்டும். மியன்மார் 2014 ஏப்ரலில் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. 2016-இல் நாடு முழுக்க ஓராண்டுக்கு மரம் வெட்டத் தடை விதித்தது. கள்ளமரம் நின்றபாடில்லை. ரசீது இல்லாத மலிவுத் தேக்கைத் தொடாதிருப்பதே நல்லது.

இடிபடும் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் தேக்கு அதைவிட உயர்ந்த சரக்கு. பல ஆண்டு காய்ந்த மரம், எளிதில் முறுக்காது. இழைப்புளி வைக்குமுன் காந்தத்தை ஓட்டி, உள்ளே மறைந்த ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் கட்டித் தனியே வைக்க வேண்டும். அடுப்பில் போடவே கூடாது.

அடுத்தது கணக்கு. 12-க்கு 16 அங்குலப் படம், ஓரங்குலச் சட்டம்: சுற்றளவு 56, மூலைவெட்டுக்கு 8, ஆக 64 அங்குலம். எட்டடிச் சட்டத்தில் மீதி 32. அதில் 4-க்கு 6 போட்டோவுக்கு 28 போதும். பெரியதை அறுக்கும்போதே சின்னதையும் குறித்துவிட்டால் குப்பைக்குப் போவது துண்டுத்துணுக்குதான்.

கண்ணாடியும் அப்படியே: உடைந்ததில் நல்ல பகுதியைச் சின்னப் படத்துக்கு வெட்டலாம்.

பாலிஷுக்கு, தின்னர் நெடி வீசும் வார்னிஷைவிட ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மேல். ஆனால் ஈரம் அதை வெளுக்க வைக்கும்; மழை வெறித்த நாளில் பூச வேண்டும்.

பின்னட்டையில் கஞ்சத்தனம் ஆகாது. மலிவு அட்டையின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும்; படத்தைத் தொடும் அட்டையாவது அமிலமற்றதாக இருக்கட்டும். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே மவுண்ட், சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு. சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓட அந்தப் பொட்டு தரும் இடைவெளி போதும்.