பச்சை குத்திய கைகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

பூச்சோங்

அன்புள்ள மருமகனுக்கு,

பண்டார் புத்ரி கடையில் உனக்குச் சூப்பர்வைசர் பொறுப்புக் கிடைத்திருக்கிறது, இனி ஆள் எடுப்பதும் நீதான் என்று அண்ணி சொன்னார். ரொம்பச் சந்தோஷம் ஐயா. "கையில டாட்டூ இருந்தா பேசவே மாட்டேன், அனுப்பிடுவேன்" என்று நீ சொன்னதாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் பயம் புரிகிறது. குண்டர் கும்பல் இங்கே கட்டுக்கதை அல்ல. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களில் 28,000 பேருக்கு மேல் இந்தியர் என்றும் சொன்னது. அந்த எண் நம்மைத் தலைகுனிய வைத்தது. கையில் பச்சையோடு நடக்கும் தமிழ்ப் பையனைக் கண்டால் நாமே ஒதுங்கிப் போகிறோம். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர் சுமார் 19 லட்சம். அரசு சொன்னதை அப்படியே ஏற்றாலும் நூறு பேருக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. இளைஞர்களை மட்டும் எடுத்தால் விகிதம் கூடும்தான். அப்போதும் மிகப் பெரும்பாலோர் கும்பலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

பச்சை எல்லாம் கும்பல் அடையாளமும் அல்ல. பத்துமலைக்குத் தைப்பூசத்தன்று போகும்போது காவடி தூக்கும் கைகளைக் கவனி. வேல், முனீஸ்வரர், அம்மாவின் பெயர். சரவாக்கில் இபான் இளைஞன் ஊரைவிட்டு வெளியே போய்ப் பிழைத்து வரக் கிளம்பும்போது தோளின் முன்பக்கம் கத்தரிப்பூவைக் குத்திக்கொள்வது அவர்களின் பழைய வழக்கம். 'புங்ஙாய் தெருங்' என்பார்கள். அது அவனுக்குப் பெருமை. இந்தப் பூச்சோங் வட்டாரம் ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமுமாக இருந்த காலத்தில் மரம் சீவிய நம் பாட்டிமார் பலரின் முன்கையிலும் கோலம் போலப் பச்சை இருந்தது. அவர்களை யாரும் கேங் என்று சொன்னதில்லை.

இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் பள்ளிப் பாடத்தில் வந்திருக்காது. கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்தில் ஒரு சட்டம் போட்டது. ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில் அவன் பெயரையும் குற்றத்தையும் அவன் ஊர் மொழியிலேயே பச்சை குத்த வேண்டும். சில ஆண்டுகளில் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. அப்படி எழுதப்பட்ட நெற்றிகளோடுதான் கைதிகள் கப்பலேறிப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். இங்கே சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். சிங்கப்பூரில் இன்றும் நிற்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகளின் உழைப்பு. தண்டனை தீர்ந்து இந்த மண்ணிலேயே தங்கிப் பிழைத்தவர்கள் உண்டு. தண்டனை தீர்ந்தது, நெற்றி எழுத்து தீரவில்லை. நிரபராதி என்று பிற்பாடு தெரிந்தாலும் அதை அழிக்க வழியில்லை. 1849இல்தான் அந்தக் கொடுமையை நிறுத்தினார்கள்.

தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் புத்தி அதோடு ஒழியவில்லை. பிறந்த சாதியைப் பார்த்தே குற்றவாளி என்று முத்திரையிடும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்து, 1911இல் மதராஸையும் எட்டியது. அதில் அடைபட்டவர்களில் குறவர்களும் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பச்சை குத்திவிட்டதும் குறவர் சமூகத்துப் பெண்கள்தான். இந்தியா முழுவதும் அந்தச் சட்டம் நீங்க 1952 வரை ஆயிற்று. இவ்வளவும் பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, அதே அளவுகோலைத் தன் கையில் எடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சுத்தமான தோற்றம் மட்டும் நேர்மைக்குச் சாட்சியா? அரசாங்க முதலீட்டு நிதியான ஒன் எம்டிபியின் பணம் போன கதையை நீ படித்திருப்பாய். அமெரிக்க நீதித்துறை சொன்ன கணக்கு 450 கோடி டாலர். அதில் பேர் அடிபட்டவர்கள் கோட்டும் டையும் போட்டவர்கள்.

சரி, என்ன செய்யலாம்? வருகிற பையனை உட்கார வை. பச்சை உனக்கு உறுத்தினால் அதையே கேள்: "இது என்ன, எப்போது குத்தியது?" பதிலிலேயே பாதி ஆளைத் தெரிந்துகொள்வாய். பழைய கும்பல் அடையாளம் என்று அவனே ஒப்புக்கொண்டால், எப்போது விட்டான், அதன் பிறகு எங்கே வேலை செய்தான் என்று கேள். ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) அறிக்கையைக் கொண்டுவரச் சொல். எந்தெந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்று அதில் வரிசையாகத் தெரியும். பழைய முதலாளிக்கு ஒரு போன் போடு. கஸ்டமர் முகம் சுளிப்பார் என்று கடை நினைத்தால் முழுக்கைச் சட்டை கொடு.

இதெல்லாம் செய்த பிறகும் அவன் வேலைக்குச் சரிப்பட மாட்டான் என்று தோன்றினால், தாராளமாக வேண்டாம் என்று சொல். ஆனால் எதனால் வேண்டாம் என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அனுப்பு ஐயா.

அன்புடன்,
உன் அத்தை